ஐந்து நண்பர்களில் ஒருவர் அதிகம்

மூத்த நாடகாசிரியர் ஒருவர் மேடையில் சொன்னது பாதிதான் நினைவிருக்கிறது: “நாம எழுதுற ஆளுங்க ஒருநாள் நேர்ல வந்து நியாயம் கேப்பாங்க. அப்ப நாம...” மீதியைக் கைதட்டல் விழுங்கிவிட்டது.

தொலைக்காட்சி நாடகம் எழுதுவது கல்யாணப் பந்தியில் ஆள் உட்கார வைப்பது மாதிரி. யாரை எங்கே வைத்தாலும் ஒரு முகம் சுளிக்கும். பந்தி நடத்திப் பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பல வருடம் மெல்பர்னில் இருந்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பிய எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை இது. பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்த ஐந்து பேர் முப்பது வருடம் கழித்தும் நண்பர்களாக இருக்கும் கதை. ரஃபீக், ஆ வெய், சுமதி, குணா, பிறகு வெளிநாட்டிலிருந்து திரும்பும் பிரபா. நடிகர்களெல்லாம் முடிவான பிறகு தயாரிப்பாளர் கமலா கூப்பிட்டுச் சொன்னார்: “எபிசோட குறைச்சிட்டாங்க. அஞ்சு பேர் தாங்காது. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒருத்தர எடுத்துடுங்க.”

யாரை எடுத்தாலும் ஒருவருக்கு வேலை போகும். அதோடு ஒரு சாராரே திரையில் இல்லாமல் போவார்கள்.

ரஃபீக்கின் முதல் வசனம்

ஃபேரர் பார்க்கில் ஒரு கடைக்கு மேல்மாடியில் ஒத்திகை. விஷயம் எப்படியோ கசிந்திருந்தது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதல் காட்சி, நண்பர்கள் கூடும் விருந்து. முஸ்லிம் நண்பரைச் சரியாகக் காட்ட வேண்டுமே என்ற கவலையில், ரஃபீக் உள்ளே வந்ததும் “இந்தக் கடை ஹலாலா?” என்று கேட்பதாக எழுதியிருந்தேன்.

ரஃபீக்காக நடிப்பவர் தாளை மூடினார். “முப்பது வருஷக் கூட்டாளிங்கண்ணே. நான் கேக்குறதுக்கு முன்னாடியே ஹலால் கடையா பாத்துத்தான் புக் பண்ணியிருப்பாங்க. நான் கேட்டா, இவங்க நேத்து பழகுனவங்கன்னு அர்த்தம்.”

உடனே வரியை அடித்தேன். அடித்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் காட்சியில் அவருக்கு வேறு வசனமே இல்லை. அவரும் அதைப் பார்த்தார். “மத்தவங்க மாதிரி எனக்கும் ஏதாவது சும்மா பேசக் குடுங்கண்ணே. பசிக்குதுன்னாவது.”

ஆ வெய்யின் மண்டை

தமிழ் பேசும் சீன நடிகர் கிடைத்ததே பெரும்பாடு. தமிழர் வழக்கம் தெரியாத பார்வையாளர்களுக்காகவும், ஊரை மறந்து வரும் பிரபாவுக்காகவும் ஆ வெய்யைக் கேள்வி கேட்க வைத்திருந்தேன். அவர் கேட்பார், மற்றவர்கள் விளக்குவார்கள், பிரபா தலையாட்டுவான். தே தாரிக் டீ குடிக்கும்போது அந்த நடிகர் என் தோளைத் தட்டினார்.

“பிரதர், முப்பது வருஷமா இவங்க வீட்டுல சாப்பிடுறேன், இன்னும் பொங்கல்னா என்னான்னு கேக்குறேன். இந்த ஆ வெய்க்கு மண்டையில ஏதும் அடி பட்டுச்சா லா?”

அக்காவின் தீர்ப்பு

செங்காங்கில் இருக்கும் என் அக்காவிடம் குணாவின் கதையைச் சொன்னேன். மனைவியைப் பறிகொடுத்த பஸ் ஓட்டுநர். கார்ப்பார்க்கில் தனியாக உட்கார்ந்து குடிப்பவர். எனக்கு மிகவும் பிடித்த காட்சி. அக்கா துணி மடிப்பதை நிறுத்தினாள்.

“டேய், கீழ சப்டைட்டில் போட்டு எல்லா இனத்துக்காரங்களும் பாக்குற நாடகம். அதுல நம்மாளு மட்டும்தான் குடிக்கணுமா? வேற யாரையாவது குடிக்க வையேன்.”

சுமதிக்கு ஒரு லா

படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட மதுரைக்காரி சுமதி. அவளாக நடிப்பவரும் அப்படி வந்தவர்தான். ‘அசல் ஊர்த் தமிழ்’ வேண்டும் என்று சுமதியின் வசனத்தில் சிங்கப்பூர்ப் பேச்சில் ஒட்டிவரும் ‘லா’ ஒன்றைக்கூட விடாமல் களைந்திருந்தேன். ஒத்திகை முடிந்து எம்ஆர்டி ரயிலுக்கு நடக்கும்போது அவர் மெதுவாகக் கேட்டார்.

“சார், என் பிள்ளைங்க இங்க பட்டாளத்துக்குப் போயி என்எஸ்ஸே முடிச்சிட்டாங்க. எனக்கு இன்னும் ஒரு லா தரமாட்டீங்களா?”

வியாழக்கிழமை

ஒவ்வொருவரையும் மாறி மாறி வெளியே உட்கார வைத்து விருந்துக் காட்சியை ஓட்டிப் பார்த்தேன். வெளியே போகும்போது ஒவ்வொருவரும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பிரபா வெளியே போன முறை மட்டும் யாரும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. நால்வரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ரஃபீக் பசிக்கிறது என்றார். வழக்கமாக லேட்டாக வருபவனுக்குப் பசி மட்டும் சீக்கிரம் வந்துவிடுமா என்று ஆ வெய் திட்டினார். அது நான் எழுதாத வசனம்.

பிரபாவை எடுத்துவிடலாம் என்று கமலாவுக்கு போன் செய்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “பிரபாவ மட்டும் தொடாதீங்க சார். அதுல நடிக்கிறவர் பேரச் சொல்லித்தான் இந்தக் கதைக்கே ஓகே வாங்குனேன். அதுவுமில்லாம, அது நீங்கதானே?”

எல்லாரையும் திரையில் காட்டுகிறேன் என்று கிளம்புகிறவன், கடைசியில் ஒருவரைக் காணாமல் ஆக்கத்தான் சம்பளம் வாங்குகிறான்.

வெள்ளிக்கிழமை காலை பிரபாவை எடுத்துவிட்டேன். அவனாக நடிக்கவிருந்தவருக்கு நானே போன் செய்து சொன்னேன்.