தொட்டில் விட்டம்

பக்கத்து வீட்டு மாமரத்தில் சங்கிலி போட்டு லொறி எஞ்சினைத் தூக்குகிறார்கள். அந்தச் சங்கிலிச் சத்தத்தைக் கேட்டபடி நின்றதில் என் கையிலிருந்த தேத்தண்ணி ஆறிப்போனது.

நான் சிறுமியாக இருந்தபோது, பதுளையில் எங்கள் அரிசிக் கடைக்குப் பின்னால்தான் வீடு. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு மூட்டை ஏற்றிப்போகும் எங்கள் சின்ன லொறி ஒரு மழைக்காலத்தில் நின்றுபோனது. முற்றம் முழுக்கச் சேறு. அப்பாவும் டிரைவர் மாணிக்கமும் லொறியின் முகப்பை வீட்டு விறாந்தைக்குள் தள்ளினார்கள். எஞ்சினைக் கழற்றித் தூக்கினால் தாங்கக்கூடிய விட்டம் அங்கே ஒன்றுதான். அதில் தம்பியின் தொட்டில் தொங்கியது.

தம்பி காய்ச்சலில் போய் ஒரு மாதம் ஆகவில்லை. அதுவரை யாரும் தொட்டிலைத் தொடவில்லை. அவன் இருந்தபோது, அம்மா மடியில் அவன் கிடக்கும் நேரத்தில் நான் வெறுந்தொட்டிலை ஆட்டுவேன். "ஆட்டாதடி, புள்ளைக்கு வயிறு வலிக்கும்" என்று அம்மா அதட்டுவாள்.

"கழட்டட்டுமா?" என்று அப்பா கேட்டார்.

அம்மா முக்காலியில் ஏறித் தானே அவிழ்த்து, துணியை மடித்து உள்ளே கொண்டுபோனாள்.

விட்டத்தில் சங்கிலி போட்டதும் எஞ்சின் மேலே வந்தது. விறாந்தையெல்லாம் எண்ணெய் வாடை.

"சங்கிலி நல்லாத் தாங்குதுங்க" என்று மாணிக்கம் அதை லேசாகத் தள்ளிக் காட்டினார். எஞ்சின் இப்படியும் அப்படியும் ஆடியது.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். சேலை கறுப்பாவதைப் பார்க்காமல், இரண்டு கையாலும் எஞ்சினை அணைத்துப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆட்டாதீங்க" என்றாள்.

பக்கத்து வீட்டு எஞ்சின் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. யாரும் பிடிக்கவில்லை.