பூஜையில இருந்த கொட்டாப்புளி

பேய், பிசாசு, காத்து கருப்பு இதெல்லாம் எனக்கு ஆகவே ஆகாதுங்க. ஆகாதுன்னா பயம்னு நெனச்சிக்காதீங்க, நம்பிக்கை இல்ல, அவ்ளோதான். யாராவது பேய்க்கதை ஆரம்பிச்சா முதல்ல சிரிக்கிறவ நான்தான், நான் சிரிக்கிற சிரிப்புல சொல்றவங்களுக்கே பாதிக்கதை மறந்துபோயிடும். நீங்களும் இப்ப சிரிக்கத்தான் போறீங்க, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. சிரிங்க, ஆனா முழுசா கேட்டுட்டு சிரிங்க. இது நடுராத்திரியில நடந்தது இல்ல, சுடுகாட்டுல நடந்ததும் இல்ல. பட்டப்பகல்ல, கும்மிடிப்பூண்டியில, கையில சுண்டல் தொன்னைய வெச்சிக்கினு நான் உக்காந்திருந்தப்போ நடந்தது.

என் பேரு ரீட்டா. ஊடு மீஞ்சூர்ல. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில மாட்டுத்தீவனம் பண்ற கம்பெனியில சைலோ செக்‌ஷன் என் பொறுப்பு. சைலோன்னா ஒன்னும் இல்லீங்க, தவிடு, மக்காச்சோளம், புண்ணாக்கு இதெல்லாம் கொட்டி வெக்கிற இரும்புக் குதிர். மாடி ஊடு மாதிரி நாலு மடங்கு ஒசரம், மேல ஆள் எறங்கற மூடி, கீழ கூம்பு, கூம்பு வாயில இழுத்துத் திறக்கிற தகட்டுக் கதவு. கதவத் திறந்தா சரக்கு நேரா லாரியில விழும். கேக்க சுலபமா இருக்கு இல்ல? மக்காச்சோளத்துக்கு அது சரி, கதவத் திறந்தா சமத்தா ஓடி வரும். இந்தத் தவிடு இருக்கு பாருங்க, அது மகா அடாவடி. நாள்பட்டு உள்ள கெடந்தா ஒன்னோட ஒன்னு கை கோத்துக்கினு கூம்பு மேல வளைவு கட்டிக்கும். கீழ இருந்தது எல்லாம் எறங்கிடும், வளைவுக்கு மேல இருக்கிறது அப்படியே நிக்கும், நடுவுல வெறும் காத்து. மேல இருந்து பாக்கிறவனுக்கு நல்ல கெட்டித் தரை மாதிரி தெரியும். கால வெச்சான்னா முடிஞ்சிது, தவிடு தண்ணி மாதிரி இல்ல, நீந்தி எல்லாம் வர முடியாது.

அதுக்குத்தான் கொட்டாப்புளி. ஆசாரிங்க வெச்சிருப்பாங்களே, அந்த மரச்சுத்திதான். கூம்புல நாலு போடு போட்டா வளைவு ஒடஞ்சி சரக்கு எறங்கும். வருஷக்கணக்கா தட்டித் தட்டி எங்க மூணாம் நம்பர் கூம்பு பூரா அம்மத்தழும்பு விழுந்த மாதிரி குழி குழியா இருக்கும். அதே கொட்டாப்புளிதான் எங்களுக்கு டெலிபோனும். கீழ இருக்கிறவங்க மூணு தட்டு தட்டினா, கதவத் திறக்கப்போறேன், உள்ள யாரும் இருக்காதீங்கன்னு அர்த்தம். மேல இருக்கிறவங்க கையில இருக்கிறத வெச்சி ஒரு தட்டு பதில் தட்டணும். ஆளு வெளிய வந்தாச்சு, நீ திறக்கலாம்னு அர்த்தம். மூணுக்கு ஒன்னு. இத மட்டும் மனசுல வெச்சிக்கோங்க.

மேல ஏறுற வேலை மோசஸுக்கு. நல்ல புள்ளை, வாய் மட்டும் ஓயாது. ஒருநாள் என் டிபன் பாக்ஸ்ல இருந்த வஞ்சிரக் கொழம்ப எடுத்துத் தின்னுட்டு "இன்னாக்கா, நீயா செஞ்ச?"ன்னு கேட்டான். என் தங்கச்சி ஜாய்ஸ் செஞ்சதுடான்னேன். மறுநாளும் கேட்டான், அதுக்கு மறுநாளும் கேட்டான். கொழம்பக் கேக்கல, அவளக் கேக்கறான்னு எனக்குப் புரிய ஒரு வாரம் ஆச்சு. ரெண்டு ஊட்லயும் பேசி முடிச்சது நான்தான். அந்த ஆயுதபூஜைக்கு அடுத்த வியாழக்கிழமை மீஞ்சூர் சர்ச்சுல கல்யாணம், புடவை எடுத்தாச்சு, பிரியாணிக்கு ஆளும் சொல்லியாச்சு. கம்பெனி பூரா அவனக் கலாய்ச்சே அரை சம்பளத்துக்குத்தான் வேலை செஞ்சிக்கினு இருந்துது.

பூஜையன்னைக்கு லீவுங்கறதால முந்தின நாள் மத்தியானமே கம்பெனியில பூஜை போட்டுடுவோம். எல்லா சாமானையும் கழுவித் தொடச்சி, மூணாம் நம்பர் சைலோ அடியில வாழைமரம் கட்டி வரிசையா வெப்போம். ஸ்பானர், செயின், எடைக்கல்லு, மேல ஏறும்போது இடுப்புல கட்டுற பெல்ட்டு, கயிறு, கொட்டாப்புளி, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். நான் வேதக்காரிதான், ஆனா கொட்டாப்புளிக்குப் பொட்டு வெக்கிறது எட்டு வருஷமா என் வேலை, வேற யாரையும் வெக்க விடமாட்டேன். பூஜை முடிஞ்சா லீவு முடிஞ்சி வர்ற வரைக்கும் ஒரு சாமானையும் தொடக்கூடாது. தொட்டா வருஷம் பூரா பேஜாருன்னு ஒரு பேச்சு.

அன்னைக்கும் கற்பூரம் காட்டியாச்சு, பூசணிக்காய் ஒடச்சாச்சு, எல்லாரும் கேன்டீனுக்கு சாப்பிடப் போயாச்சு. அப்பதான் டிரைவர் முனிரத்தினம் அண்ணன் வந்து நின்னாரு. பொதட்டூர்பேட்டைக்காரரு. தவிடு ஏத்த வேண்டியது, காலையில இருந்து லாரியோட காத்துக்கினு இருக்காரு.

"இன்னாம்மா ரீட்டா, எனக்கும் ஊட்ல வண்டிக்குப் பூஜை போட வேணாமா? ஏத்தி உடும்மா, உனக்குப் புண்ணியமாப் போவும்."

பாவமா இருந்துது. சரின்னு மூணாம் நம்பர் கதவப் பாதி திறந்தேன். ரெண்டு மூட்டை அளவு விழுந்துது, நின்னுபோச்சு. உள்ள வளைவு கட்டிக்கிச்சு. தட்டலாம்னா கொட்டாப்புளி பூஜையில இருக்கு. முனிரத்தினம் அண்ணன் கையாலயே நாலு குத்து குத்திட்டு விரல ஊதிக்கினாரு. மோசஸ் சோத்துக் கையோட ஓடியாந்தான்.

"அக்கா, நான் மேல ஏறிப் பாக்கறேன். அந்த பெல்ட்ட எடுத்துக் குடு."

இப்ப நான் சொல்றத நல்லா கேளுங்க, ஏன்னா இத நான் ஜாய்ஸ்கிட்ட சொல்லவே ரொம்ப நாள் ஆச்சு. பெல்ட்டு என் கைக்கு எட்டுற தூரத்துல இருந்துது. நான்தான் சொன்னேன், "பூஜையில வெச்சத எடுக்காதடா, எட்டித்தான பாக்கப் போற, உள்ள கால வெக்காம வா"ன்னு. என் வாயாலதான் சொன்னேன். திறந்த கதவ மூடக்கூட எனக்குத் தோணல. கல்யாண மாப்பிள்ளைய வெறும் இடுப்போட ஏத்திவிட்டுட்டு, நான் பாட்டுக்கு பூஜை சாமான் எதிர்ல உக்காந்து சுண்டல் தின்ன ஆரம்பிச்சேன். அறிவுகெட்ட ஜென்மம்னு என்னை நானே எத்தனை வாட்டி திட்டிக்கினு இருப்பேன் தெரியுமா.

மேல மூடி திறக்கிற சத்தம் கேட்டுது. மோசஸ் ஏதோ பாடிக்கினே இருந்தான். அப்புறம் பாட்டு நின்னுது.

டொம். டொம். டொம்.

மூணு தட்டு. என் எதிர்ல, பத்தடி தூரத்துல, மூணாம் நம்பர் கூம்புல. நீங்க நம்பினாலும் சரி நம்பாட்டியும் சரி, அது கொட்டாப்புளி சத்தம். எட்டு வருஷமா அத நான் தட்டறேன், எனக்குத் தெரியாதா? இரும்பால தட்டினா கணீர்னு கேக்கும், கையால தட்டினா சொத்துன்னு கேக்கும், இது மரம். கூம்புகிட்ட ஒரு ஈ காக்கா இல்ல. கொட்டாப்புளி என் கண்ணு முன்னாடி வாழை இலை மேல சாமியேன்னு படுத்துக்கினு இருக்கு. முனிரத்தினம் அண்ணன் லாரி மேல நின்னுக்கினு இருந்தவரு திரும்பி, "யாரும்மா தட்றது?"ன்னு கேட்டாரு பாருங்க, அப்பதான் எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சிது. அவருக்கும் கேட்டிருக்கு.

அடுத்த மூச்சு விடறதுக்குள்ள சைலோ பூரா ஒரு உறுமல், மேல இருந்து கீழ வரைக்கும் தடதடன்னு ஒரு நடுக்கம். வளைவு ஒடஞ்சி மொத்தத் தவிடும் எறங்குது. பாதி திறந்த கதவுல தவிடு கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, முனிரத்தினம் அண்ணன் தலையில இருந்து கால் வரைக்கும் தவுட்டால அபிஷேகம் ஆயி, "யம்மா யம்மா"ன்னு கத்திக்கினு லாரியில இருந்து குதிக்கறாரு. என் கையில இருந்த தொன்னை எங்க போச்சின்னே தெரியல. மோசஸுன்னு கத்திக்கினே கதவ அழுத்தி மூடிட்டு அண்ணாந்து பாக்கறேன், வெயில்ல கண்ணு கூசுது.

மேல இருந்து ஒரு தலை எட்டிப் பாத்துது.

"யக்கோவ்! தட்டறதுன்னா ஃபோன்ல ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ஒரு கால உள்ள வெச்சிட்டேன், தெரியுமா?"

நான் அங்கயே உக்காந்து ஓன்னு அழுதேங்க. அழுதுக்கினே சிரிக்கறேன், சிரிச்சிக்கினே திட்டறேன். அவன் எறங்கி வந்ததும் முதுகுல நாலு வெச்சேன், அப்புறம் கட்டிப் புடிச்சிக்கினேன். நடந்தது இதுதான். தவிடு கெட்டியா இருக்குன்னு நெனச்சி, காலால மிதிச்சி ஒடைக்கலாம்னு உள் ஏணியில எறங்கி ஒரு கால மேல வெச்சிருக்கான். மூணு தட்டு கேட்டுருக்கு. பழக்கதோஷம், கால் தானா வெளிய வந்துடுச்சு. வெளிய வந்து திரும்பிப் பாக்கறான், நின்ன எடத்துல கெணறு.

"நீ தட்டலன்னா நான் போயிருப்பேன் அக்கா."

"நான் தட்டலடா."

"சும்மா கலாய்க்காத."

"டேய், கொட்டாப்புளி பூஜையில இருக்குடா!"

மூணு பேரும் போய்ப் பாத்தோம். வெச்ச எடத்துலயே இருந்துது, பூ கூட அசையல. ஆனா அது மூஞ்சியில நான் காலையில அப்பின சந்தனம் இருக்கு, நடுவுல வெச்ச குங்குமம் மட்டும் காணோம். ஸ்பானர்ல இருக்கு, பெல்ட்டுல இருக்கு, எடைக்கல்லுல இருக்கு, அதுல மட்டும் இல்ல. என் கையப் பாத்துக்கினேன், இல்ல. முனிரத்தினம் அண்ணன் தவிட்டு மூஞ்சியோட அதுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வண்டிய எடுத்துக்கினு போயிட்டாரு.

எங்க இன்ஜினியர் வெங்கடேசன் சாரு திருவள்ளூர்க்காரரு, எல்லாத்துக்கும் கணக்கு வெச்சிருப்பாரு. பெல்ட்டு இல்லாம மேல ஏத்துனதுக்கு முதல்ல என்னை நல்லா வாங்கினாரு, வாங்கட்டும், தகும். அப்புறம் சொன்னாரு, வளைவு ஒடையறதுக்கு முன்னாடி சரக்கு விட்டு விட்டு வழுக்கும், அப்ப தகடு அதிரும், சைலோ பாடும், தட்டும், ஊளைகூட உடும், வெளிநாட்டுல எல்லாம் இதப் படிக்கறாங்கன்னு. குங்குமம்? "காத்துல போயிருக்கும்." எனக்கும் அதுதான் வசதியா இருந்துது. ஒத்துக்கினேன்.

கல்யாணம் ஜாம் ஜாம்னு நடந்துது. கம்பெனியே மீஞ்சூர்ல எறங்கி பிரியாணிய ஒரு கை பாத்துது. முனிரத்தினம் அண்ணன் பொதட்டூர்பேட்டையில இருந்து குடும்பத்தோட வந்து மாப்பிள்ளை கழுத்துல ஆளுயர மாலை போட்டாரு. ஜாய்ஸ் சிரிச்ச சிரிப்ப நீங்க பாக்கணும். நான் ஒரு ஓரமா நின்னு பாத்துக்கினே இருந்தேன், இந்தப் பையன் இங்க நிக்கறானேன்னு அத்தனை சந்தோஷம், ஆண்டவருக்கு எத்தனை வாட்டி ஸ்தோத்திரம் சொன்னேன்னு கணக்கே இல்ல.

லீவு முடிஞ்சி மோசஸ் வேலைக்கு வந்ததும், மூணாம் நம்பர முழுசா காலி பண்ணி உள்ள பாக்கணும்னு சாரு சொன்னாரு. அது மாசக்கணக்குல காலியே ஆகாத சைலோ, கூம்பு எப்பவும் தவிட்டுக்குள்ள மூழ்கித்தான் கெடக்கும். காலி ஆனதும் மோசஸ் பெல்ட்டு, கயிறு எல்லாம் கட்டிக்கினு மேல போனான். கீழ கூம்புப் பக்கவாட்டுல உள்ள எட்டிப் பாக்கறதுக்குன்னே இருக்கிற சின்னக் கதவ சாரே முதல்ல திறந்தாரு, டார்ச்ச உள்ள உட்டு, தலைய உட்டாரு. தலைய வெளிய எடுக்கவே இல்ல.

"ரீட்டா," உள்ள இருந்து கொரல் வருது, "இங்க யாரும்மா பொட்டு வெச்சது?"

நானும் எட்டிப் பாத்தேன். வெளிய நாம தட்டற எடத்துக்கு நேரா, உள் பக்கத்துல, வரிசையா மூணு குங்குமப் பொட்டு. சாரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சிக்கினே நின்னாரு.

அதுக்கப்புறம் எங்க செக்‌ஷன்ல பெல்ட்ட பூஜையில வெக்கிறது இல்ல. பொட்டு வெச்சி ஆணியிலயே மாட்டிடுவோம். இப்ப ஜாய்ஸுக்கு ஏழாம் மாசம், நான் பெரியம்மா ஆவப்போறேன். தட்டினது யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும், எங்க குடும்பமே கடன்பட்டிருக்கு. பயம் எல்லாம் இல்லீங்க. அந்த மூணு பொட்டப் பத்தி நான் சிரிச்சிக்கினேகூட சொல்லுவேன்.

ஆனா அன்னைக்கு சாரு கண்ணாடியத் தொடச்சிக்கினு நின்னப்பவே என் ஃபோன் அடிச்சிது. மேல இருந்து மோசஸு. மூடியத் திறந்திருக்கான், இன்னும் உள்ள எறங்கல, சாரு சொன்னது எதுவும் அவன் காதுல விழுந்திருக்காது.

"அக்கா, இங்க மூடிக்குக் கீழ, நான் அன்னைக்கு நின்ன ஏணிப் பக்கத்துல, உள் செவுத்துல ஒரு குங்குமப் பொட்டு இருக்கு. ஒன்னே ஒன்னு."

மூணுக்கு ஒன்னு. அன்னைக்கு நீ பதில் தட்டினியாடான்னு அவனக் கேட்டேன். கால எடுத்ததே பெரும்பாடு, நான் எங்க தட்டினேன்னான்.

கீழ இருந்து தட்டினது யாருன்னு நான் இப்பல்லாம் யோசிக்கறது இல்ல. மேல அவன் பக்கத்துலயே நின்னுக்கினு, ஆளு வெளிய வந்தாச்சுன்னு பதில் தட்டினது யாரு?