பெரிய கை வந்தால் விலை குதிக்கும்

காசைக் கொடுத்துக் காசை வாங்கும் தொழிலில் லாபம் சில்லறையாக வரும், தலைவலி மட்டும் மொத்தமாக வரும். ஐம்பதுகளின் கடைசியில் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கத்துச் சந்தில், காதர் பாய் என்ற முதலாளியின் நாணய மாற்றுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி, இரண்டு ஸ்டூல், விலை எழுத ஒரு கரும்பலகை. அதே மாதிரி கடைகள் சந்து நெடுக இருந்தன. எல்லாரிடமும் சேர்த்தே வெளிநாட்டு நோட்டு கொஞ்சம்தான் இருக்கும். அதனால் ஒரு பெரிய கை வந்து வாங்க ஆரம்பித்தால் விலை ஏறும், விற்க ஆரம்பித்தால் இறங்கும். "காலையில ஒரு விலை சொன்னே, இப்ப ஒரு விலை சொல்றியே!" என்று என்னோடு சண்டை போட்ட அன்பர்களே, நீங்கள் பட்ட அவதியை நானும்தான் பட்டேன்.

மழைக்கு வந்தவர்

டான் என்று ஒரு ரப்பர் வியாபாரி. அமெரிக்க டாலரைக் கட்டுக் கட்டாக வாங்குவார். ஒரு நாள் மத்தியானம் அவர் வேக வேகமாகச் சந்துக்குள் நுழைந்தார். முதல் கடைக்காரர் பார்த்தார். பலகையை அழித்து விலையை ஏற்றி எழுதினார். அதைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர் இன்னும் கொஞ்சம் ஏற்றினார். அப்படியே கடை கடையாக ஏறி எங்களிடம் வந்து சேரும்போது டாலர் ஐந்து காசு கூடியிருந்தது. காதர் பாய் என் விலாவில் இடித்தார். நானும் அழித்து எழுதினேன்.

டான் எங்கள் கடைக்கு முன்னால் வந்து நின்றார். சட்டையைப் பிழிந்துகொண்டே எங்கள் பலகையைப் பார்த்தார், வந்த வழியிலிருந்த பலகைகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கடைத்தெருவில் எல்லாரும் பேசும் பஸார் மலாயில் கேட்டார்: "நான் மழைக்கு ஒதுங்கினேன் லா! மழை விட்டா விலையும் இறங்கிடும்தானே?"

கப்பல் வந்த காலை

அமெரிக்கப் போர்க்கப்பல் வந்தால் சந்துக்குத் திருவிழா. மாலுமிகள் வெள்ளைச் சீருடையில் கூட்டமாக வந்து டாலரை நீட்டுவார்கள். நாங்கள் எங்கள் ஊர்ப் பணமான வெள்ளியை எண்ணிக் கொடுப்போம். ஒரு காலை அப்படித்தான். கொஞ்ச நேரத்தில் பெட்டி நிறைய டாலர், கையில் வெள்ளி தீர்கிற நிலைமை. காதர் பாய் நாலைந்து பேருக்கு ஒரு தடவை "குறை, குறை" என்று கிசுகிசுப்பார். நான் விலையைக் குறைத்து எழுதுவேன். சாக்குக்கட்டித் தூள் மூக்கில் ஏறித் தும்மல் வேறு.

வரிசையில் கடைசியாக நின்ற நெட்டையான பையனுக்குப் பொறுக்கவில்லை. எதிர்க் கடைக்கு ஓடினான். அங்கே அவன் கூட்டாளிகள் முன்னாலேயே போய் விலையை இறக்கியிருந்தார்கள். அடுத்த கடையிலும் அதே கதை. வியர்த்து விறுவிறுத்து எங்களிடமே திரும்பி வந்தபோது விலை இன்னொரு காசு இறங்கியிருந்தது. நான் அடிக்குப் பயந்து பின்னால் நகர்ந்தேன். அவனோ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு நோட்டை நீட்டினான்: "எங்க கேப்டன் எங்களைப் பத்துப் பத்துப் பேராத்தான் கரையில இறக்கியிருக்கணும்!"

மூன்று மாப்பிள்ளைகள்

சிராங்கூன் ரோட்டில் நகைக்கடை வைத்திருந்த சொக்கலிங்கம் சயாமுக்குப் போய் மாணிக்கக் கல் வாங்குவார். அங்கே ரொக்கம்தான் செல்லும். அவரே வந்து அந்த ஊர் பாட் நோட்டுக் கேட்டால் சந்தே விலையை ஏற்றிவிடும். அதனால் ஒரு தடவை தன் மூன்று மாப்பிள்ளைகளை மூன்று கடைக்கு அனுப்பினார். ஒருவரை ஒருவர் தெரிந்த மாதிரி காட்டக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கண்டிப்பான உத்தரவு.

எங்கள் கடைக்கு மூத்தவர் வந்தார். "சும்மா ஊர் சுத்திப் பாக்கப் போறேன்" என்றார். நல்ல விலைக்குப் பேசி முடித்து நான் நோட்டை எடுக்கக் குனிந்தேன். அப்போது, அன்று காலையில்தான் ஈப்போவிலிருந்து வந்திருந்த மூன்றாவது மாப்பிள்ளை அந்தப் பக்கமாக நடந்து வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு மூத்தவரை அவர் பார்க்கவே இல்லையாம். "அண்ணே! எப்ப வந்தீங்க? நம்ம சகலையும் அங்கே பாட்தான் வாங்கிட்டு நிக்கிறாரு!" என்று சந்தே அதிரக் கூவிக் கட்டிப்பிடித்தார். மூத்தவர் முகம் செத்துப்போனது. சந்து முழுக்கக் கரும்பலகை அழிக்கிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் சொக்கலிங்கமே வந்து, ஏறிய விலைக்கு மீதியை வாங்கினார். போகும்போது பெருமூச்சு விட்டார்: "ஜாதகம் பாத்தேன், சம்பளம் பாத்தேன். வாயைப் பாக்காம விட்டுட்டேனே!"

அருளம்பலம் மகள்

அருளம்பலம் யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். மகள் தவமணிக்கு அமெரிக்கக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்திருந்தது. முதல் சில மாதச் செலவுக்கு டாலர் கொடுத்து அனுப்ப வேண்டும். மனுஷர் தினமும் ஒவ்வொரு கடையாக நின்று, "தம்பி, டொலர் என்ன விலை? எனக்குக் கனக்க வேணும்" என்று உரக்கக் கேட்பார். அவர் கேட்கக் கேட்க விலை ஏறும். ஏறியதைப் பார்த்து, நாளைக்கு இறங்கும் என்று வாங்காமலே போவார். மறுநாள் வந்து மறுபடி கேட்பார். "அமெரிக்காவில ஏதோ நடக்குது" என்று என்னிடம் கவலைப்பட்டார். மகள் புறப்படும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் கண்ணில் தூக்கமே இல்லை.

ஒரு நாள் அவர் வரவில்லை. தவமணி வந்தாள். ஒரு தடவை அப்பாவோடு வந்தபோது பார்த்திருந்ததால் எனக்கு அடையாளம் தெரிந்தது. கையில் புடைத்த கைப்பை. "டாலர் நிறைய விக்க வேண்டியிருக்கு. என்ன விலைக்கு எடுப்பீங்க?" என்றாள். என் வாய் திறந்தது; அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டது. எல்லாக் கடையிலும் அதையே கேட்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று நகர்ந்தாள். பெரிய சரக்கு வருகிறது என்று, கையிலிருந்ததைத் தள்ளிவிட எல்லாரும் விலையைக் குறைத்தார்கள். அவள் ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு கடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக, விற்கவில்லை, வாங்கினாள். எங்களிடம் கடைசியாக வாங்கி முடித்தபோதுதான், சந்து முனையில் குடையால் முகத்தை மறைத்து நின்ற அருளம்பலத்தைக் காதர் பாய் பார்த்தார்.

காதர் பாய் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்: "இந்தப் பொண்ணு அமெரிக்காவுக்குப் படிக்கவா போகுது? பாடம் நடத்தவல்லவா போகுது!"

டாலர் விலையை லண்டனிலும் நியூயார்க்கிலும் நிர்ணயிப்பதாகப் படித்தவர்கள் சொல்கிறார்கள், இருக்கலாம். எங்கள் சந்தில் அதை நிர்ணயித்தது, அன்றைக்கு அவசரத்தை மறைக்கத் தெரியாமல் உள்ளே வந்த ஆசாமிதான்.