குழல் நுனியில் ஒரு பொட்டுத் தங்கம்

கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் மூடிகளுக்கு அச்சு செய்யும் கம்பெனியில் எழுத்து வெட்டுவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் திருவள்ளூரில், லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி ரிப்பேர் கடை ஒன்றில் போய் உட்காருவேன். பழைய துப்பாக்கிகளில் தேய்ந்துபோன தங்கவேலையைப் புதுப்பித்துத் தருவேன்.

அங்கேதான் ஆர்.கே.பேட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் அப்பா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியோடு வந்தார். கரும்புக்குள் இறங்கும் பன்றிகளை விரட்ட அவருக்கு லைசென்ஸ் இருந்தது. விசைக்கு மேலே இருந்த இரும்புத் தகட்டில் ஒரு தங்கக்கொடி பாதி அழிந்து கிடந்தது. அது ஒட்டுவேலை. இரும்பின்மேல் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் போட்டு, தாள்போல மெல்லிசான தங்க ரேக்கை வைத்து அழுத்தித் தேய்த்தால் அது கீறல்களைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கை வியர்வை பட்டுப் பட்டு நாளடைவில் போய்விடும்.

கொடியை முடித்துக் கொடுத்தபோது அவர் குழலின் நுனியில் குறி பார்க்கும் சின்னக் குமிழைத் தொட்டுக் காட்டினார்.

"பொழுது சாஞ்சா இது கண்ணுக்கே தெரியல தம்பி. இன்னாவாச்சும் பண்ண முடியுமா?"

"ஒரு பொட்டு தங்கம் வெக்கலாம்ண்ணா. கொஞ்சம் வெளிச்சம் இருந்தா போதும், மின்னும்."

"கீழ உழுந்துடாதே?"

"ஒட்டறது இல்லண்ணா, பதிக்கிறது. உழாது."

யோசனை என்னுடையது. அதை இன்றுவரை என்னால் மாற்றிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

குமிழில் சிறிய குழி வெட்டினேன். வாயைவிட அடிப்பக்கம் அகலமாக இருக்கும்படி உளியைச் சாய்த்துக் குடைந்தேன். சுட்டு இளக்கிய தங்கக் கம்பியை உள்ளே வைத்துத் தட்டத் தட்ட, அது அடியில் பரவி இறுகியது. வாசலில் நின்று கண்ணருகே வைத்துப் பார்த்த அவர், "நைனா இருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு" என்றார்.

அறுவடைக்கு முன்னால் ஒருநாள், பொழுது சாயும் நேரத்தில், கரும்புக்குள் ஏதோ அசைந்திருக்கிறது. அவர் சுட்டார். மடை திறந்துவிடப் போன அவருடைய தம்பி அங்கேயே செத்துப்போனார்.

துப்பாக்கியைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. கடைக்காரரையும் என்னையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தத் தங்கம் எதுக்கு வெச்ச?"

"வெளிச்சம் கம்மியா இருந்தாலும் குறி தெரியறதுக்கு சார்."

அவர் அதை அப்படியே எழுதினார். வாசித்துக் காட்டியபோது அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. கையெழுத்துப் போட்டேன்.

ஜாமீனில் வெளியே வந்ததும் அந்த விவசாயி ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தார். தாடி வளர்ந்திருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். பக்கத்து டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"நான் அதை வெச்சிருக்கக் கூடாதுண்ணா" என்றேன்.

"உம்மேல தப்பு இல்ல தம்பி. பொட்டு நல்லா தெரிஞ்சுது. எதிர்ல இருந்ததுதான் தெரியல."

அவர் டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"அதே ஊட்லதான். தம்பி சம்சாரமும் அங்கதான் கீது. அதுக்குப் போக வேற எடம் இல்ல. எனக்கும் இல்ல." பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார். "வேளாவேளைக்கு எனக்கு சோறு வெச்சிக்கினு இருக்குது. ஒரு வார்த்தை பேசறதில்ல. குழம்பு போதுமான்னுகூட கேக்கறதில்ல. நானும் போட்டத சாப்ட்டு எழுந்துடறேன்."

ஆர்.கே.பேட்டை பஸ் வந்தது. ஆறிப்போன டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய் ஏறினார்.