கொள்கையால் அமெரிக்கா போகாதவன்

ஏறத்தாழ பதினைந்து வருடங்களாக ஸ்காபரோவில் என்னைக் கொள்கைக்காரன் என்று நம்பிய சிலர் இருந்தார்கள். அமெரிக்க மண்ணை மிதிப்பதில்லை என்பது என் கொள்கை. பலசரக்குக் கடை வாசலில் இலவசமாகக் கிடக்கும் வாரப் பத்திரிகையில் அதைப்பற்றி மூன்று வாரம் தொடர்ந்து எழுதியும் இருக்கிறேன். யுத்தம், எண்ணெய், வல்லரசின் ஆணவம் எல்லாம் அதில் வந்தன. எழுதாமல் விட்டது ஒன்றுதான். நான் போக விரும்பினாலும் அவர்கள் என்னை விடமாட்டார்கள்.

காரணம் ஒரு சோடிச் சப்பாத்து.

கனடாவுக்கு வந்த இரண்டாவது குளிர்காலம். மோர்னிங்சைட்டில் ஒரு பெரிய கடையில் அந்தப் பனிச் சப்பாத்தைக் கண்டேன். வெளியே தோல், உள்ளே கம்பளி, விலை என் கைக்கு எட்டாத உயரம். பக்கத்துத் தட்டில் கிடந்த இன்னொரு பொருளின் விலைச்சீட்டை உரித்து இதில் ஒட்டினேன். நேர்த்தியாக ஒட்டியதாகத்தான் என் நினைப்பு. காசு வாங்கும் பெண் சீட்டை வாசித்துவிட்டு, இது குழந்தைகளின் கையுறையா என்று கேட்டாள். அப்போது என் ஆங்கிலம் அரைகுறை. கேள்வி எதுவென்றாலும் ஆம் என்று சொல்லிச் சிரிப்பது வழக்கம். ஆம் என்று சிரித்தேன். பத்தாம் அளவுச் சப்பாத்துகள் இரண்டும் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தன.

வழக்கு நாளன்று பின்னேரம் இரண்டு மணிக்கு எனக்கு வேலை இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் மதியத்துக்குள் போய்விடலாம் என்று நீதிமன்றத்தில் இருந்த இலவச வக்கீல் சொன்னார். ஒப்புக்கொண்டேன். தண்டப்பணமும் ஒரு வருடக் கண்காணிப்பும் கிடைத்தன. வேலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய விஷயம். பதிவில் 'ஐயாயிரம் டொலருக்குக் குறைந்த மோசடி' என்று எழுதியிருந்தார்கள். வாசிக்கிறவர்களுக்கு ஏதோ வங்கியைக் கவிழ்த்தவன்போலத் தோன்றும்.

சில வருடம் கழித்துக் கனடா எனக்கு மன்னிப்புப் பத்திரம் தந்தது. அந்தத் துணிவில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு, நியூ ஜேர்சியில் ஒரு கலியாணத்துக்குப் புறப்பட்டேன். பாலத்தைக் கடந்து அமெரிக்கச் சாவடியில் பெருவிரலை வைத்ததும் உள்ளே கூப்பிட்டார்கள். மன்னிப்புப் பத்திரத்தை எடுத்து நீட்டினேன். அதிகாரி மரியாதையாகவே பேசினார். உங்கள் நாடு மன்னித்திருக்கிறது, நல்லது, எங்களிடம் நீங்கள் இன்னும் கேட்கவில்லையே என்றார். அதைக் கேட்பதற்குத் தனியாக ஒரு விண்ணப்பம் உண்டாம். குற்றப் பதிவு உள்ளவர்கள் எல்லையைக் கடப்பதற்கு முன்கூட்டியே வாங்கவேண்டிய விலக்கு அனுமதி அது. எங்கள் ஆட்கள் அதை 'வேவர்' என்பார்கள்.

கூறைச்சேலைக்குப் பொருத்தமாகப் பூ வைத்திருந்த மனைவி, திரும்பி வரும்போது அதைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். கார் பழுது என்று சொந்தக்காரருக்குச் சொன்னோம்.

அதற்குப் பிறகு எத்தனை தடவைதான் காரைப் பழுதாக்குவது? ஒருமுறை ஒரு கூட்டத்தில் யாரோ பிற்ஸ்பேர்க் கோயிலுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டபோது, அந்த நாட்டில் நான் கால் வைப்பதில்லை என்று என் வாய் சொல்லிவிட்டது. மேசையில் எல்லோரும் அமைதியானார்கள். அந்த அமைதியில் இருந்தது மரியாதை என்று எனக்கு உடனே விளங்கியது. அவ்வளவு மலிவாக அதற்கு முன் எனக்கு மரியாதை கிடைத்ததில்லை. விடுவேனா?

அந்த மேசையில் இருந்த ஒருவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரூஜில் இருக்கிறவர், வீட்டைச் சூடாக்குகிற பர்னஸ் பூட்டுவது தொழில், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். தானும் அதே கொள்கைதான் என்றார். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் கோப்பிக் கடையில் சந்திப்போம். அவருக்கு நான் உரம், எனக்கு அவர் உரம். என் கட்டுரைகளை வெட்டி வைத்திருந்தார்.

இப்படியே காலம் போயிருக்கும். ஆனால் என் மகள் எல்லைக்கு அங்கால் பஃபலோவில் ஒருவரைக் கலியாணம் செய்து அங்கேயே தாதி வேலைக்குப் போய்விட்டாள். கலியாணத்தை இங்கே வைத்ததால் தப்பினேன். ஒரு தை மாதம் தொலைபேசியில், தான் கர்ப்பம் என்றும் ஆடியில் பிள்ளை பிறக்கும் என்றும் சொன்னாள். நான் சந்தோசப்பட்டேன், வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. அவளே தொடர்ந்தாள்.

"இட்ஸ் ஓகே அப்பா. நீங்கள் வரமாட்டீங்கள் எண்டு தெரியும். உங்கட பிரின்சிப்பிளை நான் ரெஸ்பெக்ட் பண்றன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தொலைபேசியை வைத்ததும் மனைவி என்னைப் பார்த்தாள். மகளுக்குச் சொல்லப் போகிறீர்களா, வேவர் போடப் போகிறீர்களா, இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள் என்றாள். சொல்வதைவிடப் போடுவது சுலபமாகத் தெரிந்தது.

எக்லின்ரனில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கிற ஒரு தமிழ்ப் பெண் இருந்தார். எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டேன். ஆறு மாதமும் எடுக்கலாம், ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கலாம், கேட்டுக் கேட்டுத் தொந்தரவு செய்வதால் விரைவாக வராது என்றார். ஆடிக்கு ஆறு மாதம் இருந்தது. கணக்குச் சரிவரும் என்று நம்பினேன்.

விரல் அடையாளம் மறுபடி எடுத்தேன். பழைய வழக்குத் தாள்களைக் கேட்டால், அவ்வளவு பழைய கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன என்று நீதிமன்றம் கடிதம் தந்தது. நடந்ததை என் சொந்த வார்த்தைகளில் எழுதி, வருந்துகிறேன் என்றும் எழுதவேண்டும். எழுத்து என்றால் எனக்குச் சொல்லவா வேண்டும்? பதினொரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். முதல் பக்கம் முழுக்கப் பனி பெய்தது. அந்தப் பெண் சிவப்புப் பேனையால் பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டு வந்தார்.

"அண்ணை, உது பேப்பருக்குப் போடுற கட்டுரை இல்லை. என்ன செய்தனீங்கள், ஏன் இனிச் செய்யமாட்டீங்கள். அவ்வளவும்தான்."

அரைப்பக்கம் மிஞ்சியது. அவ்வளவு நேர்மையாக நான் எழுதிய வேறு அரைப்பக்கம் இல்லை. எழுதியது நான் அல்ல, அவருடைய சிவப்புப் பேனை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக ஒரு நன்னடத்தைக் கடிதம் வேண்டும். அதை எழுதுகிறவருக்கு என் குற்றம் தெரிந்திருக்க வேண்டும். குற்றம் தெரிந்தவள் மனைவி மட்டும்தான். எனக்கு நல்ல பெயர் சொல்லக்கூடிய வெளியாள் பர்னஸ் அண்ணை ஒருவர்தான். மூன்று சனிக்கிழமை போய்ச் சொல்லாமல் திரும்பினேன். நாலாவதில் கோப்பியை வைத்துவிட்டு, சப்பாத்திலிருந்து பாலம் வரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தேன்.

அவர் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"எனக்கு எட்டு மாசம் ஆகுது," என்றார்.

"என்ன எட்டு மாசம்?"

"நான் வேவர் போட்டு."

பிறகு அவருடைய கதையைச் சொன்னார். வெகுகாலத்துக்கு முன் ஒரு கலியாண மண்டபத்தில் மச்சானுக்குக் கதிரையால் அடித்திருக்கிறார். சாப்பாட்டுப் பந்தியில் யார் முதலில் இருப்பது என்பதில் வந்த வாக்குவாதம். அது மடக்குகிற பிளாஸ்ரிக் கதிரை, மச்சானுக்குத் தோளில் கண்டியதோடு சரி. பதிவில் 'ஆயுதத்தால் தாக்கியது' என்று இருக்கிறதாம்.

"அப்ப உங்கட கொள்கை?" என்று கேட்டேன்.

"அண்டைக்கு நீங்கள் அப்பிடிச் சொன்னாப்போல, எனக்கும் அது நல்ல சாட்டாப் பட்டுது," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கு முன்னால் கொஞ்சம் கோபமும் வந்தது என்பதை ஒளிக்க முடியாது. இத்தனை வருடம் என்னை மதித்த ஒரேயொரு வாசகன் அவர். ஆனால் கடிதத்தை மூன்று நாளில் எழுதித் தந்தார். என் நேர்மையைப் பற்றி எழுதியிருந்த பந்தியை நான் இரண்டு தரம் வாசித்தேன்.

கடிதம் கிடைத்த அன்று பின்னேரமே மகளுக்கும் சொன்னேன்.

"பூட்ஸா?" என்றாள். பிறகு, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். "நான் ஸ்கூல் ப்ரொஜெக்ட்டுக்கு உங்களைப் பற்றி எழுதினனான் அப்பா. ஸ்டாண்டிங் அப் டு பவர் எண்டு தலைப்பு." அதற்கு 'ஏ' தரம் தந்தார்களாம். சொல்லிவிட்டு அவள் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை.

விண்ணப்பத்தை மாசியில் அனுப்பினோம். அதற்குப்பிறகு காலையில் எழுந்ததும் கணினியில் நிலைமையைப் பார்ப்பது என் பூசை ஆனது. 'பரிசீலனையில் உள்ளது' என்று இருக்கும். சனிக்கிழமைகளில் அண்ணையும் நானும் வல்லரசைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, யாருக்கு எத்தனை மாதத்தில் வந்தது என்று பேசினோம். ரெக்ஸ்டேலில் ஒருவருக்கு ஐந்து மாதத்தில் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, அவரைத் தெரியாமலே அவர்மீது பொறாமைப்பட்டோம்.

ஆடியில் பேத்தி பிறந்தாள், சொன்ன கிழமையிலேயே. மனைவி பஸ் பிடித்துப் போய் ஆறு வாரம் நின்றாள். நான் வீட்டில் முட்டை பொரித்துச் சாப்பிட்டுக்கொண்டு, தொலைபேசித் திரையில் பிள்ளையின் உச்சந்தலையைப் பார்த்தேன். மகள் திரையைச் சரியாகப் பிடிக்கமாட்டாள். மூன்றாம் மாதம் அவர்கள் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினார்கள். எல்லையில் பிள்ளையைக் கண்டு அதிகாரி கையசைத்தாராம்.

அண்ணைக்கு மார்கழியில் வந்தது. மறுநாளே காரை எடுத்துக்கொண்டு நயாகராவின் அந்தப் பக்கத்துக்குப் போய், பின்னேரமே திரும்பிவிட்டார். எப்படி இருந்தது என்று கேட்டேன். "அங்கால நிண்டு பாக்க வடிவாத் தெரியேல்ல. எங்கட பக்கம்தான் நல்லம்," என்றார்.

எனக்கு வந்தது சித்திரையில், பதினாலாவது மாதம். ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். மனைவியும் நானும் அந்தச் சனிக்கிழமையே புறப்பட்டோம். என் அரைப்பக்கத்தை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். அதிகாரி எங்கே போகிறீர்கள், எத்தனை நாள் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். நிறுத்த முடியாமல், நான் செய்ததற்கு மிகவும் வருந்துகிறேன் என்றும் சேர்த்தேன். அவர் தாளிலிருந்து தலையை உயர்த்தி, அது நல்லது என்றார். பழம் ஏதாவது கொண்டுபோகிறீர்களா என்று கேட்டார். மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள்.

மகளின் வீடு ஸ்காபரோ வீடு மாதிரியே இருந்தது. பேத்தி என்னைக் கண்டதும் வீரிட்டு அழுதாள். திரையில் நெற்றி மட்டும் காட்டிய ஆள் முழுசாக வந்து நின்றால் யாருக்கும் பயம்தான். முதல் நாள் முழுக்கக் கிட்ட விடவில்லை. இரண்டாம் நாள் நான் அடுப்படியில் ஒழுகுகிற குழாயைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது தவழ்ந்து வந்து, என் காலுறையைப் பிடித்து இழுத்தாள். நான் அசையாமல் அப்படியே கிடந்தேன். தண்ணீர் தலையில் சொட்டியது.

ஞாயிறு பின்னேரம் திரும்பி வந்தோம். அடுத்த கிழமையே மேல்மாடிப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டு, இந்த வேவர் முடிவதற்குள் அடுத்தது கையில் இருக்க வேண்டுமென்றால் இப்போதே போடவேண்டும் என்றார். போட்டிருக்கிறேன். பரிசீலனையில் உள்ளது.