நாலு நூலகத்தில் இருந்த புத்தகம்

1. கேட்டலாக் காட்டியது

புத்தகம் கிழிந்து பார்த்திருக்கிறேன், கரையான் தின்று பார்த்திருக்கிறேன், ஆசிரியர்களே கமுக்கமாகப் பையில் போட்டுக்கொண்டு போனதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு புத்தகம் நாலு நூலகத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லிக்கொண்டே இருக்க, ஒரு இடத்திலும் இல்லாமல் போகும் என்று யாராவது சொல்லியிருந்தால், "போய் வேலையைப் பாருப்பா" என்று துரத்தியிருப்பேன். பொன்னேரியில் கல்லூரி நூலகராக இருந்த எனக்கே அது நடந்தது. நம் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேவி எங்கள் கல்லூரியில் பிஎச்.டி. செய்த பெண். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம் அவள் ஊர். அவள் அம்மா முனியம்மா கையால் எறா பிடிப்பவர். ஏரியில் இறங்கி, பனையோலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, அகப்பட்ட இறாலைப் பறிக்குள் போடுவார். வலையும் கிடையாது, படகும் கிடையாது. தேவியும் பள்ளிக்கூடம் படிக்கும்போதே அந்தத் தண்ணீரில் நின்றவள்தான். இப்படிக் கைப்பிடி தொழில் செய்யும் பெண்களைப் பற்றித்தான் அவள் ஆய்வேடு எழுதினாள்.

ஆய்வேட்டைக் கொடுத்து முடித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்த சமயத்தில் ஒருநாள் ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"மேடம், என் ஆய்வேட்டப் படிச்ச வெளித்தேர்வாளரு ரிப்போர்ட்ல ஒரு கேள்வி போட்டிருக்காரு. இதே தலைப்புல முன்னாடியே ஒரு புக்கு வந்திருக்குதாம். அதுலருந்து என்னுது எப்படி வேறனு வாய்மொழிப் பரிச்சையில, வைவாவுல காட்டணுமாம். இல்லன்னா பட்டம் குடுக்கச் சொல்லி எழுத மாட்டாராம்."

"அந்தப் புத்தகத்தை நீ பார்த்ததே இல்லையா?"

"எங்க ஊரப் பத்தி இன்னொருத்தரு எழுதிக்கிறாருனே இப்பதான் மேடம் தெரியும். காப்பி அடிச்சேன்னு சொல்றாரா இன்னா?"

அழுதாள். நான் அவளை உட்காரவைத்து டீ வரவழைத்தேன். "இதுக்கு ஏண்டி அழுவுற? கூட்டு கேட்டலாக் எதுக்கு இருக்கு?" என்றேன்.

கூட்டு கேட்டலாக் என்பது இதுதான். பல பல்கலைக்கழக நூலகங்கள் சேர்ந்து ஒரே பட்டியல் வைத்துக்கொள்ளும். ஒரு புத்தகத்துக்கு ஒரே ரெக்கார்டு. அதன் கீழே எந்தெந்த நூலகத்தில் பிரதி இருக்கிறது என்று ஹோல்டிங்ஸ் வரும். நம்மிடம் இல்லாததை இருக்கிற இடத்திலிருந்து இரவல் கேட்கலாம். கூரியரில் வரும், படித்துவிட்டுத் திருப்பி அனுப்புவோம். எங்களைப் போன்ற சின்னக் கல்லூரிக்கு இது பெரிய வரம். நானே எத்தனையோ பேருக்கு அப்படி வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

தேடினேன். வந்துவிட்டது. ஏதோ ஒரு பேராசிரியர் எழுதி, கொஞ்சம் பிரதிகள் மட்டும் அச்சிட்ட புத்தகம். கீழே நாலு பல்கலைக்கழகங்களின் பெயர். நாலிலும் "அவெய்லபிள்".

"பாத்தியா? ஒண்ணு இல்லாட்டி ஒண்ணு வந்துடும்" என்று ஜம்பமாகச் சொன்னேன்.

2. பதில்கள்

முதல் நூலகம் எழுதியது: "அந்தப் பிரதி கணக்கிலிருந்து கழித்து ரைட்-ஆஃப் செய்யப்பட்டுவிட்டது. நெட்வொர்க்கில் வேறு மூன்று நூலகங்களில் உள்ளது."

சரி, போகட்டும் என்று இரண்டாவதற்கு அனுப்பினேன். இடப் பற்றாக்குறையால் பழைய புத்தகங்களைக் கழித்துக் கட்டும் வீடிங் செய்து, பழைய பேப்பரோடு போய்விட்டதாம். வேறு மூன்று இடங்களில் கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள்.

மூன்றாவது நூலகத்துக்கு மெயிலோடு நிற்காமல் போனும் போட்டேன். அங்கே இருந்தவர் நல்ல மனுஷன், போய்த் தேடிவிட்டு வந்து சொன்னார்.

"இல்லங்க மேடம். டிஜிட்டல் ஹாலுக்காக அந்த ரேக்கையே காலி பண்ணிட்டோம். எடுக்கறதுக்கு முன்னாடி கேட்டலாக்ல செக் பண்ணித்தான் எடுத்தோம். மத்த மூணு எடத்துல இருந்துச்சு."

"எடுத்த பிறகு உங்க ஹோல்டிங்கை கேட்டலாக்லருந்து நீக்கினீங்களா?"

"அதுக்குத் தனி லாகின் மேடம். அந்த வேலைய யாரும் பண்றதில்ல" என்றார்.

அடப்பாவிகளா! போனை வைத்த பிறகுதான் எனக்கு விளங்கியது. ஒவ்வொருவரும் மற்ற மூவரை நம்பி எடைக்குப் போட்டிருக்கிறார்கள். போட்டவர்கள் பெயரும் கேட்டலாக்கில் அப்படியே நிற்கிறது. அடுத்து வந்தவர் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுத் தன் பிரதியைத் தூக்கிப் போட்டிருக்கிறார். யாரும் விதியை மீறவில்லை. எல்லோரும் ஒழுங்காகச் செக் பண்ணியிருக்கிறார்கள்!

நாலாவது நூலகத்திலிருந்து பதிலே வரவில்லை. புத்தகத்தை எழுதிய பேராசிரியரும் காலமாகிவிட்டார், அவர் வீட்டிலும் பிரதி இல்லை, "நூலகத்துலதான் இருக்குமே" என்றார்கள். வைவா தேதி வந்துவிட்டது.

3. வைவா

எங்கள் கல்லூரி செமினார் ஹாலில் வைவா. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். முனியம்மா பொங்கலுக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, பழவேற்காட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து, கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ரிப்போர்ட் எழுதிய அந்த வெளித்தேர்வாளர் வந்தார். அவர் எந்தப் பல்கலைக்கழகம் என்று அறிமுகம் செய்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதில் போடாத நாலாவது பல்கலைக்கழகம்!

தேவி நன்றாகத்தான் பேசினாள். அவர் முடியும்வரை கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிம்மா. நான் சொன்ன புத்தகம் எங்கே?" என்றார்.

"கிடைக்கல சார்."

"கிடைக்கலையா? தேடலைனு சொல்லு. கேட்டலாக்ல நாலு காப்பி இருக்கு. எங்க யுனிவர்சிட்டிலயே இருக்கு."

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன். "சார், நான் இந்தக் கல்லூரி நூலகர். மூணு இடத்துல இல்ல. உங்க நூலகம் பதிலே போடல. இப்பவே ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்களேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சபைக்கு நடுவில் முடியாது என்றும் சொல்ல முடியவில்லை. தன் நூலகரைக் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். அந்த நூலகர் வெள்ளந்தியாகப் பதில் சொன்னார்.

"அதுங்களா சார்? நீங்க லைப்ரரி கமிட்டி சேர்மனா இருந்தப்பதானே பழசெல்லாம் தூக்குங்கன்னீங்க. அந்த லாட்ல போயிடுச்சு. மத்த மூணு இடத்துல இருக்கு சார், வேணும்னா வாங்கித் தரட்டுமா?"

அவர் போனை அணைத்தார்.

தேவி கேட்டாள்: "சார், நீங்க படிச்சிருப்பீங்க இல்ல? அதுல இன்னா இருந்துச்சுனு சொல்லுங்க சார். எங்க அம்மாவப் பத்தி, எங்க ஆயாவப் பத்தி இன்னா எழுதினாருனு தெரிஞ்சிக்கறேன்."

அவர் தலை குனிந்தார். "நான் படிக்கலம்மா. கேட்டலாக்ல தலைப்பைத்தான் பார்த்தேன்."

அடக் கடவுளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். தலைப்பை மட்டும் பார்த்து ஒரு பெண்ணின் ஐந்தாறு வருஷ உழைப்பைச் சந்தேகப்பட்டிருக்கிறார்!

தேவிக்குக் கோபம் வந்துவிட்டது. பாஷையும் குப்பத்துப் பாஷையாகிவிட்டது. "சார், நாங்க வரிசையா நின்னு துழாவறப்ப, பக்கத்துல இருக்கறவ புடிச்சிக்குவானு ரெண்டு பேரும் வுட்டா, எறா நடுவுல பூந்து போயிடும். அதனால என் கை பக்கத்துக்காரி கை மேல படணும். படலன்னா அங்க ஓட்டைனு அர்த்தம். நீங்க நாலு பேரும் ஒருத்தரு கைய ஒருத்தரு தொடவே இல்ல சார்."

அவர் பேனாவை எடுத்தார். பட்டத்துக்குப் பரிந்துரை செய்து கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது தேவியிடம் மன்னிப்புக் கேட்டார். அதை நான் மறைக்க மாட்டேன்.

4. முனியம்மா கேட்டது

எல்லோரும் ஸ்வீட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தேவியின் ஆய்வேட்டுப் பிரதி ஒன்றைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்த முனியம்மா என்னிடம் வந்தார். எறாவின் கொடுக்கு கீறிக் கீறித் தழும்பேறிய விரல்கள்.

"யம்மா, எங்களப் பத்தி அந்தப் பெரியவரு எழுதின புக்கு போயே போச்சா?"

"போயிடுச்சும்மா."

"அப்போ எம் பொண்ணு எழுதினதும் ஒரு நாளு அப்படித்தான் போவுமா?"

"போகாதும்மா. என்கிட்ட இருக்கும். நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீ ரிட்டேர் ஆயிட்டா?"

இந்தக் கேள்வியை எந்த நெட்வொர்க் மீட்டிங்கிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. அடுத்த கூட்டத்தில் நான் சண்டை போட்டு ஒரு விதி கொண்டுவந்தேன்: ஒரு பிரதியைக் கழித்துப் போடுவதற்கு முன், வைத்திருப்பதாகக் காட்டும் இன்னொரு நூலகத்துக்குப் போன் செய்ய வேண்டும், அங்கே ஒருவர் ரேக் வரைக்கும் நடந்துபோய்ப் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். என் நாற்காலியில் இப்போது நீ இருக்கிறாய். உன் பெயர்கூட எனக்குத் தெரியாது. தேவியின் ஆய்வேடு உள் அறையில், ஜன்னலை ஒட்டிய ரேக்கில் இருக்கிறது. கேட்டலாக்கைத் திறக்காதே. எழுந்து போய்த் தொட்டுப் பார்.