மலையை இடப்பக்கம் வைத்து ஓடிய லாரி

ஐயா, அம்மா, இதைப் படிப்பதற்குத் தாங்கள் ஒதுக்கும் பொழுதுக்கு முதற்கண் என் வணக்கம். நான் கல்லூரி வாயிலை மிதியாதவன். லாரிகளின் முன்னச்சு, அதைத் திருப்பும் உறுப்புகள், பிரேக் ஆகியவற்றை வரைந்து கணித்துப் பார்க்கும் வேலையைப் பழைய புத்தகங்களைக் கொண்டு நானே கற்றுக்கொண்டேன். இவ்வுரைநடையும் அவ்விதம் கற்றதே. குறை காணின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில் திருவண்ணாமலை செங்கம் சாலையில் ஒரு லாரிப் பட்டறையில் வேலை பார்த்தேன். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூரை அடுத்த சிற்றூர். மனைவி காய்ச்சலில் மறைந்தபின் நிலத்தைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, ஆசிரமத்துக்கு அருகில் ஓர் அறையில் குடியிருந்தேன். சுவருக்கு அப்பால் வெளிநாட்டவர் ஒருவர் மௌன விரதத்தில் இருந்தார். அவர் பேசாதிருப்பதற்காகவே கடல் கடந்து வந்தவர். எனக்கோ பேச ஆளில்லை. காலையில் குழாயடியில் ஒருவருக்கொருவர் தலையசைப்போம். சில நாட்களில் எனக்குக் கிடைத்த உபசாரம் அது ஒன்றே.

பட்டறையில் என் வரைபடங்களை எவரும் கேட்டதில்லை. பழைய உறுப்பை மேசைமீது வைத்து, அதைப்போல் ஒன்று செய்வதே அங்கு வழக்கம். அளவெடுத்துத் தாளில் வரைந்துகொண்டிருந்த எனக்குப் 'பேப்பர் மேஸ்திரி' என்று பெயர் வைத்தார்கள். முதலில் வைத்தவர் ஓர் ஓட்டுநர். வேர்க்கடலை மூட்டை ஏற்றும் லாரியை ஓட்டியவர்; என்னைவிட மூத்தவர். வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களில் தம் சோற்றுத் தூக்கைக் கொண்டுவந்து என் பக்கத்தில் அமர்ந்து உண்பார். பேச்சும் பெரும்பாலும் அவருடையதே. நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் வண்டி பழுதாகி வரும் நாட்களை, சொல்லக் கூசினாலும், நான் எதிர்நோக்கியிருந்தேன்.

ஒருமுறை அவருடைய வண்டியின் முன்னச்சு விரிசல் கண்டது. வேறொரு வகை வண்டியின் அச்சை முதலாளி வாங்கிவந்து பொருத்தினார். அச்சு மாறியதால், சக்கரத்தைத் திருப்பும் கைபோன்ற உறுப்பு, பட்டறையில் 'ஆர்ம்' என்பார்கள், பழைய கம்பிக்கு எட்டவில்லை. ஆகவே முதலாளி கண்ணளவில் உயரமான ஆர்ம் ஒன்றை அடித்துத் தரச் சொல்லி மாட்டினார். வண்டி ஓடியது, திரும்பியது, நின்றது.

நான் வரைந்து பார்த்தபோது எனக்கு அமைதி போயிற்று. காரணத்தைச் சுருங்கச் சொல்கிறேன். பிரேக்கை வலுவாக மிதிக்கையில், சுழலும் சக்கரத்தின் வேகம் அச்சையும் சற்று உருட்டப் பார்க்கும். அச்சைத் தாங்கும் வில்பட்டைகள் முறுக்கிக்கொள்ள, அச்சு முன்புறமாகச் சாயும். உயர்ந்து நிற்கும் ஆர்மின் நுனியோ அதனுடன் போக இயலாது; ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து வரும் நீண்ட கம்பி அதைப் பிடித்து நிறுத்தியிருக்கும். அச்சு முன்னே போக, நுனி பின்தங்க, ஓட்டுநர் திருப்பாமலேயே சக்கரம் இடப்புறம் திரும்பிவிடும். நுனி எவ்வளவு உயரமோ அவ்வளவுக்குத் திரும்பும். நாட்காட்டி அட்டையை வெட்டி, குண்டூசி செருகி, இது நிகழும் விதத்தை முதலாளிக்கு ஆட்டிக் காட்டினேன்.

அவர் அட்டையை விரலால் தட்டினார். "நல்லாத்தான் கீது வாத்தியாரே, கொழந்தைங்களுக்கு. வண்டி மலைய சுத்தி வந்தாச்சு இல்ல?"

இதற்கு விளக்கம் வேண்டும். எங்கள் ஊரில் பழுது பார்த்த வண்டியை வெள்ளோட்டம் விடும் முறை ஒன்றே: மலையை வலம் வருவது. பட்டறை வாசலில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி, மலை வலக்கைப் பக்கம் இருக்கும்படி முழுச்சுற்றும் சுற்றி வந்துவிட்டால் வண்டி தேறிவிட்டது என்பது முடிவு. அந்தச் சாலை முழுவதும் வலப்புறமாகவே வளைவது. ஓட்டுநரின் கைகள் ஸ்டீயரிங்கை வலப்புறம் இழுத்துப் பிடித்தபடியே இருக்கும். பிரேக் மிதிக்கையில் சக்கரம் இடப்புறம் இழுத்தாலும், வளைவில் இயல்பாக இருக்கும் இறுக்கம் என்றே கைக்குத் தோன்றும். நேர்ச்சாலையில் சிறிது இழுத்தால் சாலையின் சரிவு என்பார்கள். இறக்கத்தில், இடப்புற வளைவில், பாரத்தோடு மிதித்தால்தான் உண்மை தெரியும். அவ்விதம் மிதிக்கும்படியான வளைவுகள் பெங்களூர்ப் பாதையில் இருந்தன. மறுநாள் காலை ஓட்டுநர் அந்தப் பாதையில்தான் புறப்படவிருந்தார். வெள்ளோட்டம் முடித்து இறங்கியவர், "வெண்ண மாதிரி போவுது" என்று சொல்லிவிட்டார்.

மூட்டைகள் ஏற்றியாயிற்று. மதியம் உண்ண அமர்ந்தபோது, ஒருமுறை மலையை இடப்பக்கம் வைத்து ஓட்டிப் பார்க்கும்படி அவரைக் கேட்டேன். மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்படிச் சுற்றுவது எங்களவர்க்குச் சுடுகாட்டில் மட்டுமே உண்டு.

"எம்மேல இன்னா கோவம் மேஸ்திரி உனக்கு? இப்பவே கருமாதி பண்ணிடலாம்னு பாக்கறியா?"

"ஒரே ஒரு தடவண்ணே. பாரத்தோட."

"ஒண்ணு பண்ணலாம். வண்டிய இப்டியே வெச்சிக்கினு ரிவர்ஸ்ல சுத்தி வரேன். மலையும் சோத்துக் கைப்பக்கம் இருக்கும், நீ சொன்ன மாதிரியும் ஆச்சு. இன்னா?" என்று சொல்லித் தாமே சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

என்னால் சிரிக்க இயலவில்லை. சிறிது நேரம் கழித்து அவர் என் தட்டைப் பார்த்தார்.

"இன்னா, சோறு அப்டியே கீது?"

"நாளைக்கு நீங்க போயி ஒண்ணு ஆயிட்டா, நான் யாரோட ஒக்காந்து சாப்புடறதுண்ணே?"

எண்ணிப் பேசியதன்று, வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் தூக்கை மூடினார். கை கழுவினார். வண்டியருகே போய் நின்று, "சரி, ஏறு" என்றார். "பாதிதான் போவேன். பாதி சுத்தினா கணக்குல வராது."

காஞ்சி சாலை வழியாகப் புறப்பட்டோம். மலை இடப்பக்கம் வந்ததும், ஸ்டீயரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறுகையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எதிரே வலம் வந்துகொண்டிருந்த சிலர் வழிவிட்டு ஒதுங்கி எங்களை உற்று நோக்கினர். நன்றாக வளையும் ஓரிடம் வந்தது. ஆளில்லை, ஆடுமாடில்லை என்று பார்த்துக்கொண்டு, "இங்க அழுத்துங்கண்ணே, நல்லா" என்றேன்.

அழுத்தினார். ஸ்டீயரிங் வட்டு அவர் கைகளுக்குள் தானாகச் சுழன்றதை என் கண்ணால் கண்டேன். லாரி இடப்புறம் பாய்ந்து, சாலையைவிட்டு இறங்கி, வறண்ட கால்வாயின் கரையில் மூக்கை ஊன்றி நின்றது. பின்னால் மூட்டைகள் சரியும் ஓசை கேட்டது. இருவருக்கும் காயமில்லை.

"நான் திருப்பல," என்றார். "சத்தியமா நான் திருப்பல. தானா திரும்பிச்சு!"

என் உள்ளத்தில் எழுந்தது அச்சமன்று, நிறைவு. அட்டையில் கண்டது மண்ணில் நிகழ்ந்துவிட்டது. இனி எவரும் நம்புவர் என்று எண்ணி, "ஆர்ம்தாண்ணே அது" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் மலையைப் பார்த்துக் கைகூப்பியிருந்தார். "அப்பனே, தெரியாம பண்ட்டேன், மன்னிச்சிடு." பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னும் ஆர்ம்ன்றியே. வாய மூடு, கீழ எறங்கு."

கயிறு கட்டி வண்டியை மேலே இழுக்க வந்தவர்கள் அனைவரும் அதையே சொன்னார்கள். முறை தவறிச் சுற்றினால் மலை சும்மா விடுமா என்றார்கள். நான் எடுத்துக்கொண்ட சான்றே எனக்கு எதிர்ச்சான்றாகிவிட்டது. வலமாகச் சுற்றினால் குற்றம் தெரியாது. இடமாகச் சுற்றினால் தெரிந்த குற்றம் வண்டியுடையதாகாது. மறுநாள் காலை அதே ஆர்முடன் வண்டி பெங்களூர்ப் பாதையில் போகப்போகிறது. அதைத் தடுக்க என்னிடம் ஒரு சொல்லும் மிச்சமில்லை என்றே நினைத்தேன்.

பட்டறையில் முதலாளி வண்டியைச் சுற்றி வந்து பெருமூச்சு விட்டார். "பரிகாரம் பண்ணாம இத ரோட்ல உடக்கூடாது. இன்னா பண்றது?"

அவர் என்னைக் கேட்கவில்லை. எனினும் நான் சொன்னேன்: "மொதலாளி, வண்டிய தப்பா திருப்பினது அந்த ஆர்ம்தான். அதக் கழட்டிப் போட்டுட்டுப் புதுசு ஒண்ணு மாட்டிடலாம்."

பொய் ஒன்றும் நான் உரைக்கவில்லை. ஒரே சொற்றொடரை அவர் ஒரு பொருளில் கேட்டார்; நான் வேறொரு பொருளில் சொன்னேன். "அதுவும் சரிதான். தீட்டுப்பட்ட சாமான் வண்டில இருக்கக்கூடாது" என்றார். புதிய ஆர்முக்கு நான் வரைந்து கொடுத்த தாளை அன்று எவரும் கேலி செய்யவில்லை. தாளை எவரும் பார்க்கவே இல்லை என்பதே சரி. சடங்குக்கு வேண்டிய பொருளின் அளவை யார் ஆராய்வார்? நுனியைத் தாழ்த்தி, அச்சு முறுக்கும்போது எந்த உயரம் பெரிதும் நகராதோ அந்த உயரத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். கம்பியையும் அதற்கேற்ப வளைத்தோம். பழையதை ஏரியில் எறிந்தார்கள்.

புதிய எலுமிச்சம்பழம் வைத்து, மலையை முறைப்படி வலம் வந்து, "வெண்ண மாதிரி போவுது" என்றே மறுபடியும் ஓட்டுநர் சொன்னார். இரண்டு ஆர்ம்களுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவன் நான் ஒருவனே என்பது அப்போது எனக்கு உறைத்தது.

அதன்பின் வண்டி பட்டறைக்கு வந்த நாளில் அவர் தூக்கோடு என்னிடம் வரவில்லை. புளியமரத்தடியில் மற்ற ஓட்டுநர்களோடு அமர்ந்தார். மாலையில் புறப்படும்முன் என்னருகே வந்து நின்றார்.

"மனசுல ஒண்ணும் வெச்சிக்காத மேஸ்திரி. ஊட்ல ஒத்துக்கல. சாமி குத்தம் ஆன ஆளோட கைநனைக்கக் கூடாதுன்றா."

"பரவால்லண்ணே," என்றேன். "பிரேக்கு எப்டி புடிக்குது?"

"அதுக்கு இன்னா, நல்லாத்தான் புடிக்குது."

எண்பதுகளின் பிற்பகுதிவரை அவர் அந்த வழியில் அந்த வண்டியை ஓட்டினார். ஒரு வளைவிலும் அவருக்குத் தீங்கு நேரவில்லை. பட்டறையைக் கடக்கையில் ஒருமுறை ஹாரன் அடிப்பார். நான் வரைவதை நிறுத்தி, வண்டி போய் மறையும்வரை முன்சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மலையைத் திருப்பிச் சுற்றியும் பிழைத்த கதையை அவர் பலரிடம் சொன்னதாகக் கேள்வி. அக்கதையில் ஆர்ம் வருவதில்லை. மலையை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஐயா. நானும் நாள்தோறும் அதைக் கும்பிடுகிறவன். ஆயினும் அன்று வண்டியைத் திருப்பியது எது என்பது இவ்வுரையில் தவிர வேறெங்கும் இல்லை. ஆதலால், படித்து முடித்தபின் இதை எறிந்துவிடாமல் பத்திரமாக வைத்திருக்கும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.